பழைய வீடியோ கேம் பெட்டியில் புது வேலைகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற ஜப்பானிய வீடியோ கேம் பெட்டி பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம்.

எங்கள் மாமா ஜப்பானில் இருந்து 1980களின் ஃபேமிகாம் ஒன்று கொண்டுவந்தார். அடாப்டரில் 100 வோல்ட் என்று இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாமா? – கோயம்புத்தூர் வாசகர்

வேண்டாம், இரண்டையுமே செருக வேண்டாம். ஜப்பான் அடாப்டர் நம் ஊர் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். ஃபேமிகாமுக்கு நடு முனை நெகட்டிவ். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டரும் (வரும் வோல்ட்டேஜை 5 வோல்ட்டாக்கும் சிப்) அதன் முன்னால் இருக்கும் எலக்ட்ரோலைடிக் கண்டன்சரும்தான் முதலில் அடிவாங்கும்.

ஃபேமிகாமோடு வந்த அடாப்டர் 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். கடையில் 9 வோல்ட், 1 ஆம்பியர், நடு முனை நெகட்டிவ் என்று கேட்டு வாங்குங்கள். கிதார் பெடல்களுக்கு வரும் அடாப்டர்களில் பலவற்றுக்கு இந்த முனைவரிசைதான், ஆம்பியரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிளை நம்பாமல், செருகும் முன் மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை நடுவிலும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். மைனஸ் குறியோடு எண் வந்தால் சரி.

12 வோல்ட் கொடுத்தாலும் ஓடும். ஆனால் 7805 மிச்ச வோல்ட்டேஜை வெப்பமாகத்தான் தள்ளும். 10 வோல்ட் உள்ளே வந்தால் ஒவ்வொரு 100 மில்லி ஆம்பியருக்கும் அரை வாட் சூடு. 12 வோல்ட் என்றால் அது 0.7 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இந்த வித்தியாசம் பெரிது.

இன்னொரு எச்சரிக்கை. ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. என்இஎஸ் உள்ளே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் உண்டு, ஃபேமிகாமில் கிடையாது. ‘ரெண்டும் நின்டெண்டோதானே’ என்று மாற்றிச் செருகினால் பெட்டி போய்விடும்.

ஃபேமிகாமில் ஆன்டெனா அவுட் மட்டும்தான் இருக்கிறது. டிவியில் எவ்வளவு தேடியும் சேனல் கிடைக்கவில்லை. ஒரு முறை படம் மங்கலாக வந்தது, சத்தம் வரவில்லை. ஏவி வயர் கொடுக்க என்னென்ன வாங்க வேண்டும்? பெட்டியில் ஓட்டை போட மனம் வரவில்லை. – மதுரை வாசகர்

உங்கள் டிவியில் கோளாறு இல்லை. ஃபேமிகாம் 1983இல் ஜப்பானுக்காகவே செய்யப்பட்டது. அங்கே டிவி சேனல் 1, 2 இரண்டும் 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் டிவிகள் தேடும் விஎச்எஃப் அலைவரிசைகளில் அந்த இடம் இல்லை. தப்பித்தவறி டியூன் ஆனாலும், ஜப்பான் முறையில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. அதனால்தான் படம் வந்தும் சத்தம் வரவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், கம்போசிட் வீடியோ (மஞ்சள் ஏவி வயரில் போகும் படச் சிக்னல்) பெட்டிக்குள்ளேயே தயாராக இருக்கிறது. படம் வரையும் சிப்பின் பெயர் ஆர்பி2சி02. 40 கால்கள். அதில் 21ஆம் காலில் கம்போசிட் சிக்னல் வருகிறது. அங்கிருந்து ஒரு வயரை நேராக டிவிக்கு இழுத்தால் படம் இருண்டு வரும். டிவியின் 75 ஓம் சுமையைத் தாங்கும் பலம் அந்தக் காலுக்கு இல்லை. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் தேவை.

வாங்க வேண்டியவை: 2எஸ்ஏ1015 டிரான்சிஸ்டர் 1, 300 ஓம் ரெசிஸ்டர் 1, 110 ஓம் ரெசிஸ்டர் 1, 220 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கண்டன்சர் 1, ஆடியோவுக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 1, ஷீல்டு போட்ட மெல்லிய வயர் அரை மீட்டர். 300 ஓம் இல்லையென்றால் 330, 110 இல்லையென்றால் 100 போடலாம். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே சில்லறைக் காசுக்குக் கிடைப்பவைதான்.

இணைப்பு இப்படி: சிப்பின் 21ஆம் கால் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டரில் இருந்து 300 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரில் இருந்து 110 ஓம், அதற்கு அடுத்து 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அங்கிருந்து வீடியோ ஜாக்கின் நடு முனைக்கு. கண்டன்சரின் பிளஸ் கால் டிரான்சிஸ்டர் பக்கம் இருக்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் டிரான்சிஸ்டரின் கால் வரிசை. 2எஸ்ஏ1015 கிடைக்காமல் கடைக்காரர் பிசி557 கொடுப்பார். வேலைக்கு அது போதும், ஆனால் கால்கள் வேறு. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக 2எஸ்ஏ1015இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி557இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிசி547 கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது என்பிஎன் வகை, பிஎன்பி வகை தேவைப்படும் இந்த இணைப்பில் வேலை செய்யாது. சந்தேகம் இருந்தால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து, கறுப்பை பேஸிலும் சிவப்பை மற்ற இரண்டு கால்களிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வரை காட்டினால் அது பிஎன்பி.

ஓட்டை போட வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் ஆர்எஃப் (ஆன்டெனா) ஜாக்கே ஆர்சிஏ வடிவம்தான். அதன் நடு முனைக்கு, படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டரில் இருந்து வரும் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, நம் வீடியோவை அங்கே கொடுங்கள். மஞ்சள் வயர் அப்படியே பொருந்தும். ஆடியோவை (எங்கிருந்து எடுப்பது என்பது கீழே திருநெல்வேலி வாசகருக்கான பதிலில்) ஒரு சிறு வயராக, கன்ட்ரோலர் வயர் வெளியே வரும் சந்து வழியாக எடுத்துவிடலாம். நாளைக்கே பழையபடி மாற்ற நினைத்தாலும் ஒரே ஒரு இணைப்பைத் திரும்பப் பற்றவைத்தால் போதும். நாற்பது வருடப் பிளாஸ்டிக்கில் துரப்பணம் போட்டால் விரிசல் விடும், அதை எந்தப் பசையாலும் சரிசெய்ய முடியாது.

கடைசியாக, பவர் கொடுக்கும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் எங்கோ ஈயம் ஒட்டியிருக்கிறது. பவர் கொடுத்ததும் 7805 வெளியீடு 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஏவி வேலை முடித்துவிட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நீல வானம் வரும் காட்சியில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், ஜன்னல் கம்பி மாதிரி. கண்டன்சர் மாற்றியும் போகவில்லை. – சேலம் வாசகர்

கோடுகளை எண்ணிப் பாருங்கள், ஒரே இடைவெளியில் இருக்கும். திரையின் அகலம் 256 புள்ளிகள். ஒவ்வொரு 8 புள்ளிக்கும் ஒரு முறை சிப் அடுத்த கட்டத்துக்கான படத் தகவலை மெமரியில் இருந்து எடுக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து வயர்களில் ஏற்படும் துடிப்பு, 21ஆம் காலில் இருந்து போர்டில் ஓடும் செம்புத் தடத்தில் தொற்றிக்கொள்கிறது. டிரான்சிஸ்டரை எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் இது போகாது, ஏனென்றால் அழுக்கு அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது.

மருந்து: 21ஆம் காலைப் போர்டில் இருந்து விடுவித்து மேலே தூக்கி, டிரான்சிஸ்டரைச் சிப்பின் முதுகிலேயே வைத்து, ஒரு சென்டிமீட்டர் வயரில் பேஸை இணைப்பது. ஓட்டையில் இருக்கும் பழைய ஈயத்தோடு கொஞ்சம் புது ஈயமும், ஈயம் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸும் சேர்த்துச் சூடாக்கினால், ஈயம் உறிஞ்சும் பம்ப் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். அயர்ன் 350 டிகிரி, ஒரு முறைக்கு 3 வினாடிக்கு மேல் வேண்டாம். கால் ஓட்டைக்குள் தானாக ஆடும்வரை இழுக்காதீர்கள். இழுத்தால் போர்டின் வளையமும் சேர்ந்து வந்துவிடும்.

காலை ஒரே முறைதான் வளைக்க வேண்டும். மேலே, கீழே, மறுபடி மேலே என்று ஆட்டினால் சிப்பின் உடம்போடு சேர்ந்த இடத்தில் ஒடியும். அப்படி ஒடிந்தால் கருப்புப் பிளாஸ்டிக்கைச் சுரண்டி உள்ளே இருக்கும் உலோகத்தைத் தேட வேண்டியதுதான்.

அதோடு, 40ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டன்சர் ஒன்று வையுங்கள். 40 என்பது 5 வோல்ட், 20 கிரவுண்டு. கோடுகள் வெகுவாகக் குறையும். முழுசாகப் போய்விடும் என்று எல்லாப் போர்டுக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆடியோவை எந்தக் காலில் எடுப்பது? – திருநெல்வேலி வாசகர்

முதலில், கேசட் போடாமல் சோதித்துப் பார்க்கிறீர்களா? ஃபேமிகாமில் சத்தம் கேசட்டுக்குள் போய்த்தான் திரும்பி வரும். கேசட் செருகும் 60 கால் இணைப்பில் 45ஆம் கால் வழியே போகிறது, 46ஆம் கால் வழியே வருகிறது. சாதாரண கேசட்டில் இந்த இரண்டும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். கேசட் இல்லையென்றால் மவுனம்தான்.

ஆடியோவை 46இல் இருந்து 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக எடுங்கள். மூளைச் சிப்பான சிபியுவின் 1, 2ஆம் கால்களில் இருந்து நேராக எடுக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. என்இஎஸ்ஸுக்கு அது சரி. ஃபேமிகாமில் அப்படி எடுத்தால், கோனாமியின் விஆர்சி6 மாதிரி சொந்தமாக இசை போடும் சிப் உள்ள கேசட்டுகளில் பாதி இசை காணாமல் போகும். 46 அழுக்காக இருந்தாலும் சத்தம் வராது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கேசட் காலைத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் மறுபடி மறுபடி துரு ஏறும்.

90களில் வாங்கிய ‘டிவி கேம்’ ஒன்று பரணில் கிடந்தது. மஞ்சள் கேசட் போடுவோமே, அதுதான். திறந்தால் சிப்புக்குப் பதில் ஒரு கறுப்புத் தார்ச்சொட்டு. இதற்கும் ஏவி கொடுக்க முடியுமா? – மயிலாடுதுறை வாசகர்

தாராளமாக முடியும், ஃபேமிகாமைவிட எளிது. அந்தப் பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள், 60 கால் கேசட்டும் அதே. தார்ச்சொட்டுக்குள் மொத்தச் சிப்பும் இருப்பதால் 21ஆம் காலைத் தேட வழியில்லை, தேடவும் வேண்டாம். ஆன்டெனா வயர் கிளம்பும் இடத்தில் சிறு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் போகும் வயர்களில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்டு, மற்ற இரண்டு படமும் சத்தமும். முதல் இரண்டை மீட்டர் காட்டிக்கொடுக்கும். மற்ற இரண்டில் ஒன்றை 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக டிவியின் மஞ்சள் ஜாக்கில் தொட்டுப் பாருங்கள். கிரவுண்டு இணைப்பு அவசியம். படம் வந்தால் அதுதான் வீடியோ. திரையில் ஒன்றும் இல்லாமல் வெள்ளை ஜாக்கில் பாட்டு வந்தால் அது ஆடியோ. படம் மிக வெளுத்துப்போனால் வரிசையில் 75 ஓம் ஒன்று சேருங்கள். இருண்டு தெரிந்தால் மேலே சொன்ன டிரான்சிஸ்டர் இணைப்பைப் போடுங்கள்.

ஐரோப்பாவில் விற்ற சேகா மெகா டிரைவ், முதல் மாடல், ஹெட்போன் ஜாக் உள்ளது. 50/60 ஹெர்ட்ஸ் சுவிட்ச் போட ஆசை. போட்டால் கலர் போய்விடும் என்கிறார்களே? – லண்டன் வாசகர்

போட வேண்டிய வேலைதான். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேமை 50இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைகிறது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. வீடியோ சிப்பான 315-5313இன் 46ஆம் கால்தான் இதை முடிவு செய்கிறது. 5 வோல்ட் என்றால் 60, கிரவுண்டு என்றால் 50. மூன்று கால் சுவிட்சின் நடுக்கால் 46க்கு, ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் கிரவுண்டு.

சுவிட்சைப் பற்றவைக்கும் முன், அந்தக் காலை இப்போது கிரவுண்டில் பிடித்து வைத்திருக்கும் ஜம்பரை (சிறு இணைப்புத் துண்டை)த் துண்டித்தாக வேண்டும். மறந்துவிட்டு 60 பக்கம் தள்ளினால் 5 வோல்ட் நேராகக் கிரவுண்டில் இறங்கும். துண்டித்தபின் 46க்கும் கிரவுண்டுக்கும் இடையே பீப் வரக் கூடாது.

கலர் விஷயம் உண்மைதான். பெட்டியின் மூலக் கடிகாரம் 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு வெட்டியது. 60க்கு மாறும்போது கம்போசிட்டின் கலர் அலை டிவி எதிர்பார்க்கும் எண்ணில் நிற்பதில்லை, பல டிவிகளில் கறுப்பு வெள்ளையாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபியில் கலர் அலையே கிடையாது, அதனால் பாதிப்பும் கிடையாது. உங்கள் மாடலின் வட்டமான 8 கால் டின் சாக்கெட்டிலேயே ஆர்ஜிபி வருகிறது, அதை ஐரோப்பிய டிவிகளில் செருகும் ஸ்கார்ட் வயர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. அந்தச் சாக்கெட்டில் ஆடியோ மோனோ. ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஹெட்போன் ஜாக்கில் இருந்து எடுக்க வேண்டும்.

என்இஎஸ் பெட்டியில் விளக்கு வினாடிக்கு ஒரு முறை அணைந்து அணைந்து எரிகிறது. போர்டு போய்விட்டதா? – டொரன்டோ வாசகர்

போகவில்லை. கேசட் அசல்தானா என்று பார்க்கும் அனுமதிச் சிப், கேசட்டில் இருக்கும் தன் ஜோடியோடு பேச முடியாமல் பெட்டியை ரீசெட் செய்துகொண்டே இருக்கிறது. 3193ஏ என்று எழுதிய சிப்பைத் தேடி, 4ஆம் காலை மட்டும் விடுவித்துக் கிரவுண்டில் சேருங்கள். விளக்கு நின்று எரியும். 72 கால் இணைப்பு தளர்ந்திருந்தால் விளக்கு நின்று எரிந்தாலும் திரையில் குப்பைதான் வரும். அதனால் முதலில் இணைப்பைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, பிறகு அயர்னை எடுங்கள்.

ஃபேமிகாமுக்கு ஆர்ஜிபி, எச்டிஎம்ஐ போர்டுகள் வந்துவிட்டனவாமே. முதல் வேலையாக அதையே செய்யலாமா? – சிங்கப்பூர் வாசகர்

முதல் வேலையாக வேண்டாம். அவற்றுக்கு ஆர்பி2சி02 சிப்பை 40 கால்களோடும் முழுசாகக் கழற்ற வேண்டும். ஒரு கால் ஓட்டையின் உள்பூச்சு பிய்ந்தாலும் திரையில் எழுத்துக் குப்பைதான் வரும், எந்தக் கால் என்று தேடவே ஒரு நாள் போகும். ரிச்சி தெரு மாதிரியான கடைகளில் பழைய கம்ப்யூட்டர் போர்டுகள் எடைக்குக் கிடைக்கும். அவற்றில் 40 கால் சிப் மூன்றையாவது ஓட்டைக்குச் சேதமில்லாமல் கழற்றிப் பழகுங்கள். கழற்றியபின் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும், இரு பக்க வளையமும் முழுசாக இருக்க வேண்டும். மூன்றாவது போர்டில் அப்படி வந்துவிட்டால் ஃபேமிகாமில் கை வைக்கலாம். மறுபடி வைக்கும்போது சிப்பை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் போட்டுவிடுங்கள்.