அடியில் தார் பூசினால் துரு போகுமா?

(தண்டையார்பேட்டையில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவர், பழைய கார் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில்: காரின் அடிப்பகுதித் துரு.)

அப்பா ஓட்டிய 1977 மார்க் 3 அம்பாசிடர் எங்களிடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அடியில் ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் துரு பயமே வேண்டாம், அரை நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

அடிக்கலாம்மா. ஆனா அரை நாள்ல முடிக்கிறேன்னு சொல்றவர்கிட்ட வேணாம். காலைல தண்ணி அடிச்சுக் கழுவி, மத்தியானம் கோட்டிங் போட்டு, சாயங்காலம் சாவியக் குடுத்தா, இடுக்குல நிக்கிற ஈரம் எங்க போவும்? தகட்டுக்கும் கோட்டிங்குக்கும் நடுவுலயே மாட்டிக்கும். வெளிய பாத்தா கறுப்பா, பளபளன்னு இருக்கும். உள்ள துரு நிம்மதியா வேலை பாக்கும். இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு உப்பும். உப்புன உடனே கோட்டிங்க உள்ளருந்து தூக்கும். தூக்குன எடத்துல விரிசல் விடும். விரிசல் வழியா இன்னும் தண்ணி. அப்படி வர்ற வண்டிங்கள குழி மேல நிறுத்தி ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து குத்தினா, அந்தத் தார் கோட்டிங் மட்டும்தான் நிக்குது, தகட்டைக் காணோம்.

அந்தக் கறுப்பு கோட்டிங்கோட வேலையே வேற. டயர்லருந்து தெறிக்கிற கல்லு பெயிண்ட்ட பேக்காம பாத்துக்கும், சத்தத்தக் கொஞ்சம் அமுக்கும். துருவத் தடுக்கறது அதுக்கு அடியில, தகட்டு மேல மொதல்ல அடிக்கிற பிரைமர் பெயிண்ட். பிரைமர் சரியில்லன்னா மேல என்னத்த அடிச்சாலும் வீண்.

உங்க வண்டிக்குத் தனியா சேசிஸ், அதாவது பாரம் தாங்கற அடிச்சட்டம், கிடையாது. பாடியே எல்லா பாரத்தையும் தாங்குது. அதனால மொதல்ல மேலருந்து ஆரம்பிங்க. முன் சீட்டுப் பக்கம் தரையில விரிச்சிருக்கிற மேட்டைத் தூக்கி, அடியில இருக்கிற சணல் ஃபெல்ட்டைக் கையால அமுக்கிப் பாருங்க. முன் கண்ணாடி ரப்பர் காய்ஞ்சு போயிருந்தா, மழைத்தண்ணி டேஷ்போர்டுக்குப் பின்னால இறங்கி நேரா இந்தச் சணல்லதான் ஊறும். பாதி அம்பாசிடருக்கு ஃப்ளோர் ஓட்டையாவறது இப்படித்தான், மேலருந்து கீழ. நீங்க அடியில எத்தனை கோட்டிங் அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. ரப்பர் பீடிங்க மாத்துங்க, அந்தக் காசு கோட்டிங் காசவிட நல்ல காசு.

அப்புறம் கீழ. ஜாக்கி போடற எடம், பின்பக்க பட்டா ஸ்பிரிங் மாட்டியிருக்கிற எடம், முன்னாடி ஸ்பிரிங் வேலை பாக்கிற முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்), அதோட பின்முனை உக்காந்திருக்கிற குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழ நீளமா ஓடற பொட்டி. இந்த நாலையும் சின்ன சுத்தியால தட்டுங்க. ‘ணங்’னு கேட்டா தகடு இருக்கு. சொத்துனு கேட்டா அங்க கோட்டிங் பேச்சே எடுக்கக் கூடாது, வெட்டித் தகடு வெச்சு வெல்டிங்தான். சட்டத்துல ஓட்டை இருக்கிற வண்டிக்குப் பட்டி தடவி மூடித் தர்றவன் உங்க உசுரோட விளையாடறான்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு தொல்லை இருக்கு. கடல்காத்து உப்பு. கெமிஸ்ட்ரி படிச்ச என் பொண்ணுதான் இதை வெளக்கினா: சாதா உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டினா தானாவே தண்ணிய இழுத்துக் கரைஞ்சிடுமாம். கடல் உப்புல கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதுமாம். அதாவது, மழையே இல்லாட்டியும் உங்க வண்டி அடி முழுசா காயறதே இல்ல. அதனால கோட்டிங்குக்கு முன்னாடி உப்பு போற வரைக்கும் நல்ல தண்ணியால கழுவணும். நல்ல தண்ணின்னா மெட்ரோ வாட்டர். உப்புக்கரிக்கிற போர் தண்ணியால கழுவிட்டு அதுக்கு மேல பூசினா, உப்ப நாமளே உள்ள வெச்சு மூடறோம்னு அர்த்தம்.

வேலை வரிசைய உங்க டிங்கர்கிட்ட இப்படிக் கேளுங்க. பழைய தார ஹீட் கன்னால எளக்கி, சுரண்டி எடுத்து, நல்ல தண்ணியால கழுவி, மூணு நாள் வெயில்ல காய விடணும். கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டுத் தகடு தெரியற வரைக்கும் தேய்க்கணும். கம்பி பிரஷ் போவாத பள்ளத்துல மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர், மிச்சத் துருவ மேல பரவாத பொருளா மாத்தற மருந்து. அப்புறம் ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர். டப்பா மேல எழுதியிருக்கிறதப் படிக்கச் சொல்லுங்க. சில எபாக்ஸி வெறும் தகட்டுமேலதான் பிடிக்கும், கன்வர்ட்டர் மேல அடிச்சா உரிஞ்சிடும். நம்ம ஆளுங்க பழக்கத்துல ரெட் ஆக்சைடுங்கிற செவப்பு பிரைமர மட்டும் அடிச்சு விட்டுடுவாங்க. ரெட் ஆக்சைடு தண்ணிய உள்ள விடும், அது மட்டும் போதாது. தகடு சேர்ற மூட்டுல எல்லாம் இடுக்க அடைக்கிற சீலர். கடைசியிலதான் உங்க ரப்பர் கோட்டிங், அதுவும் மெல்லிசா.

இன்னொண்ணு. கதவுக்குக் கீழ இருக்கிற பொட்டிக்குள்ள ரப்பர் கோட்டிங் போவாது. அதுக்கு கேவிட்டி வாக்ஸ்னு ஒரு மெழுகு தனியா இருக்கு. நீளமான மெல்லிய குழாய ஓட்டைக்குள்ள விட்டு அடிச்சா இடுக்கு வரைக்கும் ஊறிப் போவும், காஞ்சாலும் கல்லாவாது. வெல்டிங் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் இதை அடிக்கணும், இல்லாட்டி வெல்டிங் பொறி பட்டு எரியும்.

வேஸ்ட் இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சி அடித்தாலே போதும், துரு வராது என்று எங்கள் தாத்தா சொல்வார். அவர் ஃபியட் இன்றும் ஓடுகிறது. உண்மைதானா?
– வாசகர், காசிமேடு

தாத்தா சொன்னது பொய்யில்ல. எண்ணெய் இருக்கிற எடத்துல தண்ணி ஒட்டாது. ஆனா ஓடித் தேஞ்ச ஆயில்ல ஆசிட் இருக்கு, உலோகத் தூள் இருக்கு. சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் பெரும்பாலும் இயற்கை ரப்பர். எண்ணெய் பட்டா ஊதிப் போவும். தெருமண்ணு அதுல ஒட்டிக் கட்டியாவும், அந்தக் கட்டி மழையில ஊறினா காயறதுக்கு நாளாவும். பிரேக் டிரம் பக்கம் சொட்டுச்சுன்னா பிரேக்கும் போச்சு.

அது போக, சொட்டற எண்ணெய் எங்க போவுது? தெரு கால்வாய், அங்கருந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ வலையும் படகும் என்ன கதியாச்சுன்னு காசிமேட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்ல. எண்ணெய்தான் வேணும்னா ஆட்டு ரோமத்துலருந்து எடுக்கிற லானோலின் ஸ்ப்ரே இருக்கு. ரப்பரக் கெடுக்காத வகையாப் பாத்து வாங்குங்க. வருஷத்துக்கு ஒரு தடவ, மழைக்கு முன்னாடி அடிக்கணும். தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கழுவிப் போறதால ஒரு தடவ அடிச்சிட்டு மறந்துட முடியாது. மீன் வண்டி ஐஸ் தண்ணி கொட்டிட்டுப் போற ரோட்டுல தெனமும் ஓட்டறவங்க, வாரம் ஒரு தடவயாவது அடியக் கழுவுங்க.

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று விலைக்கு வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. அடியில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டிங்க அது, எனக்கு அதுமேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. 1961லருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் இங்க தயாரிச்சாங்க. அம்பாசிடருக்கு நேர் எதிர் ஜாதி. இதுக்குத் தனி சேசிஸ், பாடிய துண்டு துண்டா போல்ட் போட்டு மேல உக்கார வெச்சிருக்காங்க. கதவுக்குக் கீழ இருக்கிற தகடு ஓட்டையானாலும் வண்டி நிக்கும், அது பாரம் தாங்கற எடமில்ல. அதனால அதைப் பாத்து பயப்பட வேணாம், அதைப் பாத்து ஏமாறவும் வேணாம். விக்கிறவங்க அந்தத் தகட்டைத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க.

நீங்க பாக்க வேண்டியது, நடு சேசிஸ்லருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டற சட்டங்கள். அதோட நுனியிலதான் மண்ணு சேந்து அரிக்கும். அப்புறம் பின்னாடி குறுக்க வர்ற பட்டா ஸ்பிரிங் சுத்துப்பக்கம். ஒரு காந்தத்தத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. பிடிக்காத எடத்துல பட்டி இருக்கு. புதுசா தார் பூசின சேசிஸ்ஸப் பாத்தா நான் வெலையப் பேசவே மாட்டேன், சுரண்டிக் காட்டச் சொல்வேன். சுரண்ட விடலன்னா கௌம்பி வந்துடுங்க.

வெள்ளத்தில் என் பத்மினி கார் கதவு வரை மூழ்கி இரண்டு நாள் நின்றது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. கோட்டிங் அடித்தால் காப்பாற்ற முடியுமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

இப்ப கோட்டிங் வேணாம் சார், சாவியயும் தொடாதீங்க. பேட்டரிய கழட்டுங்க. சீட்டு, மேட்டு, ஃபெல்ட் எல்லாத்தையும் வெளிய எடுத்து, ஃப்ளோர்ல இருக்கிற ரப்பர் மூடிகளப் பிடுங்குங்க. சாக்கடை கலந்த வண்டல் பொட்டிப் பகுதிக்குள்ள இருக்கும். ஹோஸ் விட்டு, வர்ற தண்ணி தெளியற வரைக்கும் கழுவுங்க. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயிலப் பாருங்க. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு, மாத்தணும். வீல் பேரிங் கிரீஸும் புதுசு. நாலு டிரம்மையும் கழட்டித் தொடச்சிடுங்க. ஃபெல்ட்டத் திரும்பப் போடாதீங்க, தூக்கிப் போடுங்க. வெயில்ல கதவத் தொறந்து வெச்சு ஒரு வாரம் காயட்டும். துரு வேலை அதுக்கப்புறம்.

காரை பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி வைக்கலாமா?
– வாசகி, எண்ணூர்

வேணாம்மா. ராத்திரி தரையிலருந்து கெளம்பற ஆவி அதுக்குள்ளயே தண்ணியாவும். காத்து போற துணி கவர் போடுங்க, மண்தரைல நிறுத்தாதீங்க.

கோட்டிங் அடித்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஒழுங்காக அடித்தார்களா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ராயபுரம்

காசு குடுக்கறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துக் கீழ குனிங்க. கதவு அடியிலயும் பொட்டிச் சட்டத்துலயும் தண்ணி வடியற ஓட்டைங்க தொறந்திருக்கான்னு பாருங்க. அதைத்தான் முக்காவாசிப் பேர் அடைச்சிடறாங்க. கம்பியால குத்தித் தொறக்கச் சொல்லுங்க. சைலன்சர்ல கோட்டிங் இருந்தா பொகையும், நாறும். பின் சக்கரத்துக்கு இழுவையக் கொண்டு போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுல ஒரு பக்கமா அப்பியிருந்தா வேகத்துல வண்டி அதிரும். ஹேண்ட் பிரேக் கேபிள இழுத்து விடுங்க, சிக்காம திரும்பணும். கோட்டிங் அடிக்கிறதுக்கு முன்னாடி, பிரைமர் அடிச்ச கோலத்துல போன்ல நாலு போட்டோ எடுத்து வெச்சிருந்தா காட்டச் சொல்லுங்க. வேலை செஞ்சவன் கிட்ட கட்டாயம் இருக்கும்.