ஐந்து மணி என்றால் எந்த ஐந்து மணி? – வாசகர் கேள்வி பதில்

விதி, அதிகாரம், நியாயம் ஆகியவை பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சென்றேன். “மாலை 5 மணி வரை” என்று பலகையில் எழுதியிருந்தது. நான் 4.35 மணிக்கே வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது, சரியாக 5 மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். கேட்டதற்கு, “விதி விதிதான், நான் என்ன செய்ய முடியும்?” என்றார் ஊழியர். அவரிடம் நான் வாதாடியது தவறு என்று உடன் வந்த என் மகனே சொல்கிறான். நியாயம் யார் பக்கம்?

பதில்: முக்கால் பங்கு நியாயம் உங்களிடம் இருக்கிறது. மீதிக் கால் பங்கை அந்த ஊழியருக்கு ஏன் விட்டுவைக்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பலகையைப் பார்ப்போம். 5 மணிக்கு மேல் புதிதாக எவரும் வரிசையில் சேரக் கூடாது என்பது அதற்கு ஒரு பொருள். 5 மணிக்கு மேல் எந்த விண்ணப்பமும் பெறப்படாது என்பது இன்னொரு பொருள். ஊழியரின் வேலை நேரம் 5 மணியோடு முடிகிறது என்பது மூன்றாவது. இவற்றில் எது என்று பலகை சொல்லவில்லை. ஆகவே அந்த ஊழியர் விதியை அப்படியே நிறைவேற்றினார் என்று சொல்ல முடியாது. மூன்று பொருள்களில் தமக்கு வசதியான ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்த பொறுப்பை விதியின் தலையில் ஏற்றிவிட்டார். “நான் என்ன செய்ய முடியும்?” என்ற வாக்கியம் பெரும்பாலான இடங்களில் இந்த வேலையைத்தான் செய்கிறது.

சட்ட அறிஞர்களிடையே இது பழைய வழக்கு. “பூங்காவுக்குள் வாகனங்கள் வரக் கூடாது” என்ற விதியை எடுத்துக்காட்டி, கார் அதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் மிதிவண்டியும் குழந்தையின் பொம்மைக் காரும் அடங்குமா என்று 1958ஆம் ஆண்டு எச்.எல்.ஏ. ஹார்ட் எழுதினார். சொல்லுக்கு ஐயமற்ற நடுப்பகுதி ஒன்று உண்டு, அதைச் சுற்றி மங்கலான விளிம்பும் உண்டு என்பது அவருடைய கருத்து. அதே ஆண்டில் லான் ஃபுல்லர் அதை மறுத்தார். ரயில் நிலையத்தில் உறங்குவது குற்றம் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். தாமதமான ரயிலுக்காகக் காத்திருக்கும் பயணி ஒருவர் அதிகாலை 3 மணிக்கு நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து மெல்லக் குறட்டை விடுகிறார். மற்றொருவர் போர்வையும் தலையணையுமாக வந்து பெஞ்சில் படுக்கை விரித்துவிட்டார், ஆனால் இன்னும் உறங்கவில்லை. சொல்லை மட்டும் பார்த்தால் தண்டனை பயணிக்குத்தான். விதி எதற்காக வந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கும் எவரும் அப்படித் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இந்த வாதத்தில் நான் ஃபுல்லர் பக்கம். 5 மணி என்ற வரம்பு, நேரத்தோடு வராதவர்களைத் தடுப்பதற்காக வந்தது. நேரத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காக எவரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி ஊழியரின் கால் பங்கு. அவர் உங்கள் மூவருக்காகக் கவுண்டரைத் திறந்து வைத்தால், நான்காமவர் “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்பார். அதற்கு அவரிடம் பதில் இருக்காது, மேலதிகாரியிடம் காட்ட எழுத்தும் இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. விதியை வளைக்கும் உரிமையை ஊழியரின் மனத்துக்கு விட்டுவிட்டால், அந்தச் சலுகை பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவர்களுக்கும், குரலை உயர்த்தத் தெரிந்தவர்களுக்கும்தான் போய்ச் சேரும். கூச்ச சுபாவம் உள்ளவர் வெறுங்கையோடு திரும்புவார். லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் ஒழுங்கற்ற கற்களை அளக்க ஈயத்தாலான அளவுகோலைப் பயன்படுத்தினார்கள் என்றும், நியாயமும் அப்படிக் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து பொருந்த வேண்டும் என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். அழகான உவமைதான். ஆனால் அந்த அளவுகோல் கல்லுக்காக வளைகிறது, கல்லின் உறவினருக்காக வளைவதில்லை.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது இரக்கமுள்ள ஊழியரை அல்ல, தெளிவான பலகையை. 5 மணி அடித்ததும் ஒருவர் வந்து வரிசையின் கடைசியில் நிற்பவரிடம், “உங்களுக்குப் பின்னால் வருபவர்களை நாளைக்கு வரச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டால் போதும். அல்லது 4.30 மணியோடு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டால், எவரும் வீணாக நிற்க வேண்டியிருக்காது. “எனக்காகத் திறங்கள்” என்று எழுதாமல், “உங்கள் பலகைக்கு இந்த மூன்றில் எது பொருள்?” என்று அலுவலகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் கோரிக்கையை மறுப்பது எளிது, இரண்டாவதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். வாதாடியது தவறில்லை என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பலகையை மாற்றும் அதிகாரம் இல்லாத மனிதரிடம், மூடிய கண்ணாடிக்கு இப்பால் நின்று வாதாடியதுதான் வீண்.

கேள்வி: நீண்ட வரிசை ஒன்றின் முன்பகுதிக்கு ஒருவர் வந்து, அவசரம் என்று சொல்லி இடம் கேட்டார். முன்னால் நின்ற ஒருவர் பெருந்தன்மையோடு தமக்கு அடுத்தபடியாக அவரை நிறுத்திக்கொண்டார். பின்னால் நின்ற நான் ஆட்சேபித்தேன். என்னை இரக்கமற்றவள் என்றார்கள். நான் செய்தது சரிதானா?

பதில்: இடம் கொடுத்தவர் இழந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய முறை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை. இழப்பு முழுவதும் அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது. உண்மையாகவே உதவ நினைத்திருந்தால், தம் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் போய்க் கடைசியில் நின்றிருக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, பின்னால் நிற்பவர் எவருக்கும் நஷ்டமும் இல்லை.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடன் பணியாற்றியவர்களும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் ஆட்களை வேண்டுமென்றே இடையில் நுழையவைத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1986இல் வெளியானது. மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவே போய் நிற்பது அவர்களுடைய முறை. எதிர்ப்பு பெரும்பாலும் நுழைந்தவருக்கு நேர் பின்னால் நின்றவரிடமிருந்தே வந்தது. எல்லோரும் ஒரே அளவு நேரத்தை இழந்தாலும், தட்டிக்கேட்க வேண்டியவர் அவர்தான் என்று மற்றவர்கள் கருதினார்கள். அந்த இடத்தில் ஆய்வாளர்களின் ஆள் ஒருவரையே நிறுத்தி அவரைப் பேசாமல் இருக்கச் செய்தபோது, பின்னால் இருந்தவர்களும் பெரும்பாலும் அடங்கிப்போனார்கள். நீங்கள் பேசியது உங்களுக்காக மட்டும் அல்ல.

ஆனாலும் ஒன்று. “அவசரம் என்றால் என்ன அவசரம்?” என்று கேட்டீர்களா? ஆட்சேபிப்பதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், வரிசையில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்திருப்பார்கள். அல்லது பதிலைக் கேட்டு நீங்களே அவருக்கு வழிவிட்டிருப்பீர்கள்.

கேள்வி: எல்லோரும் சமம் என்றால் சிலருக்கு மட்டும் தனி வரிசை எதற்கு?

பதில்: அந்தத் தனி வரிசை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா, அந்த நிலையில் நாளைக்கு நீங்கள் இருந்தால் உங்களுக்கும் அது கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அது விதி. கூட்டத்தில் முகம் பார்த்துக் கையசைத்து அழைத்தால் அது செல்வாக்கு.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்டங்களுக்குத் தாமதமாக வருபவர்களுக்கு அபராதம் விதிக்கத் தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். பலன் இருக்குமா?

பதில்: இருக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன்தானா என்பது சந்தேகம். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். மாலையில் குழந்தைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறிய அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. அதற்கு முன்பு வரை, காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவர வைத்தது. அபராதம் வந்ததும் அந்தக் கூச்சத்துக்கு ஒரு விலை கிடைத்துவிட்டது, கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தார்கள். பிறகு அபராதத்தை நீக்கியபோதும் பழைய நிலை திரும்பவில்லை. பெருந்தொகையாக விதித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம், ஆனால் சங்கக் கூட்டத்துக்குப் பெருந்தொகை விதித்தால் அடுத்த தேர்தலில் நீங்கள் செயலாளராக இருக்க மாட்டீர்கள். கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்குங்கள். வந்தவர்களை வைத்துக்கொண்டு முக்கியமான தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதேபோன்ற ஒரு சங்கத்தில் நான் உறுப்பினர். நிர்வாகி ஒருவருடைய காரில் கீறல் விழுந்தது. என் மகன் பந்து விளையாடியதுதான் காரணம் என்று அந்த நிர்வாகியே கூட்டத்தில் புகார் சொல்லி, அவரே தலைமை தாங்கி, அவரே நஷ்டஈட்டுத் தொகையையும் அறிவித்தார். என் மகன் மேல் தவறு இருக்கலாம். ஆனால் மனம் ஏற்க மறுக்கிறது.

பதில்: மறுக்கத்தான் வேண்டும். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். இங்கே தண்டல்காரரே வாதியாகவும் நீதிபதியாகவும் இருந்திருக்கிறார். தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது மிகப் பழைய கோட்பாடு. அனுமதியின்றி மருத்துவம் செய்தார் என்று தாமஸ் பானம் என்பவருக்கு லண்டன் மருத்துவர் கழகம் அபராதம் விதித்துச் சிறையிலும் அடைத்தபோது, அபராதத்தில் பாதி அந்தக் கழகத்துக்கே சேரும் என்பதைச் சுட்டிக்காட்டி, நீதிபதி எட்வர்ட் கோக் 1610இல் அதைக் கண்டித்தார்.

உங்கள் நிர்வாகி, “தொகையை நியாயமாகத்தான் கணக்கிட்டேன்” என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் ஓட்டியவர் குற்றவாளியா என்று தீர்மானிக்க நீதிபதிகள் தனியறைக்குச் சென்றபோது, நீதிமன்ற எழுத்தரும் உடன் சென்றார். அதே விபத்துக்காக அந்த ஓட்டுநரிடம் நஷ்டஈடு கேட்ட தரப்பின் வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். அறைக்குள் வழக்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நீதிபதிகளும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் 1923இல் உயர் நீதிமன்றத்தில் தண்டனை ரத்தானது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, அது வழங்கப்படுவது ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ஹெவர்ட். வாயே திறக்காத எழுத்தர் அறையில் இருந்ததற்கே இந்தக் கதி.

தொகையைக் கொடுக்க மாட்டேன் என்று தொடங்காதீர்கள். அந்த நிர்வாகி அந்தப் பொருளுக்கு மட்டும் தலைமையிலிருந்து விலகி, உங்கள் மகன் தரப்பையும் கேட்டபின், மற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுவிசாரணையிலும் அதே தொகை வந்தால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பதிவேட்டில் முந்தைய நாள் தேதியை எழுதச் சொன்னார் என் மேலதிகாரி. “இது சரியில்லை” என்று சொன்னேன், பிறகு எழுதிவிட்டேன். என் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டேன் அல்லவா?

பதில்: உங்கள் எதிர்ப்பு காற்றோடு போயிற்று, தேதி தாளில் நிற்கிறது. மேலே சொன்ன மில்கிராம், 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு ஒன்றுக்காகவே அதிகம் பேசப்படுபவர். அடுத்த அறையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது கட்டளை. அதிர்ச்சி பொய், அடுத்த அறையில் இருந்தவர் நடிக்கப் பழக்கப்பட்ட ஆய்வாளரின் ஆள். அது தெரியாத 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், “இது சரியில்லை” என்று சொன்னார்கள், சொல்லிக்கொண்டே அடுத்த விசையை அழுத்தினார்கள். கட்டளையிட்டவரிடம் இருந்தது, “தொடருங்கள்” என்ற பொருளில் எழுதிவைத்த நான்கு வாக்கியங்கள் மட்டுமே. நான்கையும் கேட்டபின்னும் மறுத்தவரிடம் அவர் செய்ய எதுவும் இல்லை, ஆய்வு அங்கேயே முடிந்தது.

அடுத்த முறை, “எழுத்தில் கொடுங்கள் ஐயா” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இப்படிப்பட்ட கட்டளைகளில் பல, தாளைக் கண்டதும் மறைந்துவிடும். எழுத்தில் கொடுத்தாலும் பொய்த் தேதி பொய்த் தேதிதான், அதை எழுதாதீர்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் ஆறு ஆண்டுகளாக என்னைத் தினமும் பார்க்கும் காவலாளி, இன்னமும் என் அடையாள அட்டையைக் கேட்கிறார். இது அவமதிப்பு இல்லையா?

பதில்: அவர் உங்களிடம் கேட்பதை நிறுத்தும் நாளில், வேறு யாரிடம் கேட்பது, யாரை விடுவது என்று முகம் பார்த்து முடிவு செய்யத் தொடங்கிவிடுவார். உங்கள் நிறுவனத் தலைவரிடமும் அவர் கேட்கிறாரா என்று ஒருநாள் காலையில் சற்று முன்னதாக வந்து வாசலில் நின்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கேட்கிறார் என்றால், நாளை முதல் அட்டையைப் பையின் வெளி அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.