ரூட்டுக்கு வரும் அஞ்சல் யார் கண்ணிலாவது படுகிறதா?

கேள்வி: பத்துப் பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது), ரெய்டு (பல வட்டுகளின் தொகுப்பு) எச்சரிக்கைகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போகின்றன; அவை எல்லாம் ஒரே அஞ்சல் சர்வர் வழியாக எனக்கு வர வேண்டும். ஒவ்வொன்றிலும் முழு மெயில் சர்வர் அமைக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை அனுப்புவதற்கு மட்டும் வையுங்கள். அதன் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல், ஐநெட்இன்டர்ஃபேசஸில் (எங்கிருந்து அஞ்சல் வாங்குவது) லூப்பேக்-ஒன்லி (இதே இயந்திரம் மட்டும்), மைடெஸ்டினேஷன் (இங்கேயே விநியோகிக்கும் டொமைன்கள்) காலி, ரிலேஹோஸ்டில் (யார் வழியாக அனுப்புவது) மைய சர்வரின் பெயர். இவ்வளவு போதும். வடிகட்டுவது, வெளியே அனுப்புவது எல்லாம் மையத்தின் வேலை.

கேள்வி: ரிலேஹோஸ்டில் சரியான பெயரைத்தான் கொடுத்தேன். அஞ்சல் வேறு சர்வருக்குப் போகிறதே?

பதில்: பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுங்கள். அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவு (ஒரு பெயருக்கான அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்வது) இருக்கிறதா என்று தேடி, அது காட்டும் இடத்துக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: ஏலியாசஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கான அஞ்சல் யாருக்குப் போகும் என்று சொல்வது) ரூட்டுக்கு என் முகவரியைச் சேர்த்து, அதைப் பதிவுசெய்யும் நியூஏலியாசஸ் கட்டளையும் ஓட்டிவிட்டேன். ஒன்றுமே வரவில்லை.

பதில்: பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஏலியாசஸ் கோப்பைப் படிப்பது உள்ளூர் விநியோகப் பகுதி மட்டுமே. மைடெஸ்டினேஷனைக் காலியாக வைத்தால் எந்த அஞ்சலும் அந்தப் பகுதிக்குப் போகாது. கோப்பு அங்கே சும்மா கிடக்கும். அதற்குப் பதிலாக விர்ச்சுவல் ஏலியாஸ் அட்டவணையில் 'ரூட்' என்று எழுதி, எதிரே உங்கள் முகவரியை எழுதுங்கள். அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றப் போஸ்ட்மேப் ஓட்டி, மெயின்.சிஎஃப் கோப்பில் அந்த அட்டவணையைக் குறிப்பிட்டு, ரீலோடு செய்யுங்கள். எல்லா அஞ்சலும் வரிசைக்குள் நுழையும்போதே இந்த அட்டவணையைக் கடந்துதான் போகும்.

இன்னொன்று: மைஆரிஜினில் (அனுப்புநர் முகவரியில் @-க்குப் பின் சேரும் பெயர்) டொமைன் பெயரை மட்டும் வைத்தால் எல்லாச் சர்வரும் ஒரே ரூட்டாகத் தெரியும். சர்வரின் முழுப் பெயரையே வையுங்கள். நள்ளிரவில் வட்டு பழுதென்று அஞ்சல் வரும்போது, எந்த இயந்திரம் என்று தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

கேள்வி: மைய சர்வர் படுத்துவிட்டால்?

பதில்: அஞ்சல்கள் அந்தந்தச் சர்வரின் வரிசையிலேயே காத்திருக்கும். இயல்பாக 5 நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும். மையம் எழுந்ததும் 'போஸ்ட்கியூ -எஃப்' கொடுத்தால் உடனே கிளம்பிவிடும். நான் அஞ்சுவது மையம் உயிரோடு இருந்தும் மறுக்கும் நிலைமைக்குத்தான். மையம் தரும் மறுப்பு எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகம், 5-இல் தொடங்கினால் இறுதி. 5 வந்தால் காத்திருப்பே கிடையாது. திரும்பும் அறிவிப்பும் அதே மையம் வழியாகப் போக முயன்று, பெரும்பாலும் சத்தமின்றித் தொலையும். ஆகவே புதிய சர்வரைச் சேர்க்கும்போது அதன் ஐபி முகவரியை மையத்தின் மைநெட்வொர்க்ஸில் (அதன் வழியாக அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற முகவரிகளின் பட்டியல்) முதலில் சேருங்கள். மையத்தைக் கண்காணிக்கும் எச்சரிக்கை மட்டும் எஸ்எம்எஸ் போன்ற வேறு வழியில் வரட்டும்.

கேள்வி: ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதில் மைநெட்வொர்க்ஸில் பெரிய வலையமைப்பாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்த வலையில் வைரஸ் புகுந்த ஒரு கணினி போதும், உங்கள் மையம் ஸ்பேம் அனுப்பிக் கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். மேகச் சர்வர்களில் 25-ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் 587-இல் கடவுச்சொல்லோடும் டிஎல்எஸ்ஸோடும் அனுப்புங்கள்.

கேள்வி: எல்லாம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: கையால் ஒரு அஞ்சல் அனுப்பிப் பார்ப்பது போதாது. எச்சரிக்கும் நிரலே அனுப்ப வேண்டும். ரெய்டைக் கண்காணிக்கும் எம்டிஅட்மினை (mdadm) மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் ஆகிய நான்கு விருப்பங்களோடு ஓட்டினால் ஒவ்வொரு ரெய்டு அணிக்கும் சோதனை அஞ்சல் வரும். வட்டுகளின் நலத்தைக் கவனிக்கும் ஸ்மார்ட்டியில் (smartd) '-எம் டெஸ்ட்' (பெரிய எழுத்து M) சேர்த்தால், அது தொடங்கும்போது ஒன்று வரும். வராத சர்வரில் மெயில்கியூ கட்டளையால் அஞ்சல் வரிசையைப் பாருங்கள்.