பதில்: 2002 ஹோண்டா சிட்டி, டைமிங் பெல்ட் மாற்றணுமா?

வணக்கம் நண்பரே. 70,000 கி.மீ.தான் ஓடியிருக்கு, டைமிங் பெல்ட் வேண்டாம், வெளி பெல்ட்டை (ஆல்டர்னேட்டர் மாதிரி வெளிப் பாகங்களைச் சுத்துறது) மட்டும் மாற்றினா போதும்னு மெக்கானிக் சொன்னதா எழுதியிருக்கீங்க. டைமிங் பெல்ட்னா கிராங்க் (பிஸ்டன் சுத்துற தண்டு), கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) ரெண்டையும் சேர்த்து ஓட்டுற ரப்பர் பெல்ட். ஒத்துக்க முடியலை. ரப்பருக்கு வயசும் கணக்கு. பழைய பெல்ட் மாற்றின பில் எதுவும் இல்லாதப்ப, ஓடோமீட்டரை நம்பாதீங்க. உங்க வண்டியில இருக்கிற இந்த டி-சீரிஸ் இன்ஜின்ல டைமிங் பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வுல மோதும். ஹெட்டை (வால்வு இருக்கிற இன்ஜினோட மேல் பகுதி) கழற்றுற செலவு வரும்.

காலையில கீச்சுனு கத்துறது வேற விஷயம், அது வெளி பெல்ட். வண்டியை நிறுத்தி வச்சு இன்ஜின் ஓடுறப்ப அந்த பெல்ட்டோட வரி இருக்கிற பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க (கை, துணி தள்ளியே இருக்கட்டும்). சத்தம் கூடினா பெல்ட்டோட டென்ஷன் (இறுக்கம்) குறைவு. சட்டுனு நின்னு மறுபடி வந்தா புல்லி நேர்கோட்டில இல்லை.

டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது), கிராங்க் ஆயில் சீல், கேம் ஆயில் சீல் எல்லாம் சேர்த்தே மாற்றிடுங்க. பம்ப்பைச் சுத்துறதே அந்த பெல்ட்தான். பம்ப் மட்டும் பிறகு ஒழுகினா அதே கூலி இன்னொரு தடவை.

முக்கியமா, புல்லி பக்கமிருந்து பார்த்தா இந்த இன்ஜின் சுத்துறது இடஞ்சுழி. கையால கிராங்க்கைத் திருப்பும்போதும் அப்படித்தான். கிராங்க் புல்லியில பல கோடு இருக்கும். பெல்ட் மாட்ட டிடிசி-க்கு (முதல் பிஸ்டன் உச்சியில நிக்கிற நிலை) தனியா நிக்கிற வெள்ளைக் கோடு, நடுவுல சிவப்பு இருக்கிற கோட்டுக் கூட்டம் இக்னிஷன் டைமிங் பார்க்க. இதைக் குழப்பிக்கிற ஆளுங்க நிறைய. கேம் புல்லியில 'அப்' எழுத்து மேல நிக்கணும். கிராங்க் போல்ட் லேசுல அசையாது, புல்லியைப் பிடிக்கிற அறுகோண ஹோல்டர் இருக்கான்னு மெக்கானிக்கிட்ட முதல்லயே கேளுங்க. ஸ்டார்ட்டரைச் சுத்தி போல்ட்டைக் கழட்டுற வித்தை இதுல பலிக்காது, சுழற்சி எதிர்ப்பக்கம்.