சோழி மூன்று போதும்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் நான்கு பேரும் நானுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டை ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். டிஎம், அதாவது கதையை நடத்துபவன், நான்தான். கதை நடப்பது சேதுபதிகள் காலத்து நம் கரையில். கேரக்டர்கள் மூன்றாம் லெவலில் இருக்கிறார்கள். ரோக் (பதுங்கி அடிக்கும் திருடன் வகை) ஆடும் நண்பனின் கேரக்டர் ஒரு சங்கு குளிகாரன். தென்கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கோயிலிலிருந்து வலம்புரிச் சங்கை எடுத்துவிட்டான். சாபம் கொடுத்தேன்: எல்லா ரோலிலும் (பகடை உருட்டலிலும்) 2 குறையும், கடலில் எதைச் செய்தாலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), உடம்பில் உப்பு பட்டிருந்தால் மருந்தும் மந்திரமும் பலிக்காது. இரண்டாவது வாரமே அவன் போனை நோண்ட ஆரம்பித்தான். பாவம் பார்த்து, 2 குறைவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். இப்போது சாபம் இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. இனி அவன் காதில் குரல் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிப்பதாக வைக்கலாமா? சாபத்தின் எடையை எப்படித்தான் சரிசெய்வது?

*

அன்புத் தம்பிக்கு,

உங்கள் முதல் சாபம் எங்கே கடித்தது என்று கணக்குப் பார்த்துவிடுவோம். ரோக்குக்கு ஒரு சாதாரண எதிரியை அடிக்க 8 விழவேண்டும் என்று வையுங்கள். இருபது முகப் பகடையில் அது நூற்றுக்கு 65. இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்கும்போது அது 42 ஆகிறது. இருபது விழும் வாய்ப்போ இருபதில் ஒன்றிலிருந்து நானூறில் ஒன்றுக்கு இறங்கிவிடும். இதுவரைக்கும்கூட ஒருவன் தாங்குவான். ஆனால் டிஸ்அட்வான்டேஜ் இருக்கும் அடியில் ஸ்னீக் அட்டாக் (ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம்) கிடையாது என்பது விதி. மூன்றாம் லெவலில் ஸ்னீக் அட்டாக் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. குறுவாள் அடி, 3 போனஸ் சேர்த்து, 6.5. சாபத்துக்கு முன்பு ஒரு சுற்றுக்குச் சராசரியாக 8.8 சேதம் செய்தவன், சாபத்துக்குப் பிறகு, அந்த 2 குறைவதைக் கணக்கில் சேர்க்காமலேயே, 2.7 செய்கிறான். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. போனை நோண்டாமல் என்ன செய்வான்?

இதே சாபத்தை நீளவாள் வைத்திருக்கும் ஃபைட்டருக்கு (போர்வீரன் வகைக்கு)க் கொடுத்துப் பாருங்கள். நீருக்குள் கத்தி, குறுவாள், ஈட்டி, எறியீட்டி, திரிசூலம் இவை தவிர்த்த கைச்சண்டை ஆயுதங்களுக்கு, நீந்தும் வேகம் இல்லாதவர்களுக்கு, ஏற்கெனவே டிஸ்அட்வான்டேஜ்தான். ஒன்றின்மேல் இன்னொன்று ஏறாது. நீருக்குள் அவன் வாள்வீச்சுக்கு உங்கள் சாபத்தின் டிஸ்அட்வான்டேஜால் ஒரு நஷ்டமும் இல்லை. புத்திசாலி ஆட்டக்காரன் இன்னும் ஒரு படி போவான்: எப்படியும் டிஸ்அட்வான்டேஜ் உண்டு என்றால் இருட்டிலேயே சண்டை போடுவோமே, கூடுதலாகப் போவதற்கு என்ன இருக்கிறது? நிரந்தர டிஸ்அட்வான்டேஜ் இப்படி ஒருவனை நசுக்கும், இன்னொருவனுக்குக் கவசமாகும். அதனால்தான் ஒரு சாபத்தைத் தனியாக எடைபோட முடியாது. யார் தலையில் இறக்குகிறோமோ அவருடைய கேரக்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும்.

மிச்சம் வைத்த 2 ஏன் மறந்துபோனது? இருபது முகத்தில் 2 என்றால் பத்து ரோலுக்கு ஒன்றில் முடிவு மாறுகிறது. ஒரு செஷனில் அவன் பதினைந்து முறை உருட்டினால் ஒன்று அல்லது இரண்டு வெற்றிகளைச் சாபம் தின்றிருக்கும். எந்த ரோலில் தின்றது என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதற்குப் பதில், எல்லோரும் பார்க்க மூன்றே மூன்று ரோலில் டிஸ்அட்வான்டேஜ் விழுந்தால், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ரோல்களில்கூட, முக்கால் வெற்றிதான் போகும். தின்றது பாதி, ஆனால் மூன்று முறையும் மேசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். நான் எடை பார்ப்பது இதை வைத்துத்தான்: ஒரு செஷனில் எத்தனை முறை கடிக்கிறது, கடிக்கப்போகிறது என்று ஆட்டக்காரனுக்கு முன்கூட்டியே தெரிகிறதா, தெரிந்தால் விலகிப்போக வழி இருக்கிறதா. இரண்டு மூன்று கடி போதும். விலகும் வழி ஒன்றாவது இருக்கவேண்டும், அந்த வழிக்கும் ஒரு செலவு இருக்கவேண்டும்.

உப்பு விஷயத்தை அடியோடு விடுங்கள். வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. கரையோரக் கிணறு பலதும் உவர். கருவாடு, காற்று, வேர்வை எல்லாம் உப்பு. இராமநாதபுரம் கரையில் உப்பு படாத உடம்பு எது என்று விவாதித்தே செஷன் முடிந்துபோகும். அதோடு, குணமாக்கும் மந்திரம் பலிக்காவிட்டால் மந்திரம் வீணாவது கிளெரிக்குக்கு, அதாவது மந்திரத்தால் குணமாக்கும் பூசாரி வகை கேரக்டருக்கு. தப்பு செய்தவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் இன்னொருவன்.

மகாபாரதத்தில் இரண்டு சாபங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மிகத் தேவையான நேரத்தில் அஸ்திரம் மறந்துபோகும் என்று கர்ணனுக்குப் பரசுராமர் கொடுத்தது ஒன்று. கதையில் அது உலுக்குகிறது. மேசையில் அப்படியே வைத்தால் கடைசி செஷனில் டிஎம் வாயைத் திறந்து "மறந்துவிட்டது" என்று சொல்வதோடு சரி. ஆட்டக்காரனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அர்ஜுனனுக்கு ஊர்வசி கொடுத்தது மற்றொன்று. இந்திரன் தலையிட்டு அது ஒரு வருஷமாகக் குறைகிறது. அந்த ஒரு வருஷத்தை அர்ஜுனன் அஞ்ஞாதவாசத்தில் செலவழித்துக்கொள்கிறான், விராடன் அரண்மனையில் அதுவே மறைவிடமாகிறது. உங்களுக்கு வேண்டியது ஊர்வசி ரகம்.

களம் உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறோம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடையில் தலைகீழ். உங்கள் சாபம் "கடலில்" என்று பொதுவாக நின்றதால் குளிகாரனுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. காற்று அடிக்கும் பக்கத்துக் கடலில் மட்டும் கடிக்கட்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான், ஐப்பசி முதல் தை வரை வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் விடியும்போது ஒரு ஆறுமுகப் பகடை: 1 விழுந்தால் வாடை, 6 விழுந்தால் கச்சான், மற்றபடி இரண்டு பக்கமும் அமைதி. எந்தக் கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளுவது என்று முடிவெடுப்பது இனி அவன் பாடு. காத்திருந்தால் குத்தகைப் பணத்துக்கு வட்டி ஏறும், போட்டிக் குழு முந்திக்கொள்ளும். அதுதான் விலகும் வழிக்கான செலவு.

இனி சாபத்தின் உடம்பு. மூன்று சோழி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு அவன் முன்னால் வையுங்கள். விதியை இந்த அளவில் எழுதிக் கையில் கொடுங்கள்:

"கடலிலோ வள்ளத்திலோ இருக்கும்போது உன் ரோல் ஒன்று தோற்றால், சங்கைக் கூப்பிட்டு மறுபடி உருட்டலாம், இரண்டாவது எண்தான் நிற்கும். கிண்ணத்திலிருந்து ஒரு சோழி டிஎம் பக்கம் போகும். காற்று அடிக்கும் கடலில் நீ இருக்கையில், நீ உருட்டும் முன்பு டிஎம் ஒரு சோழியைக் கிண்ணத்துக்குத் திருப்பி உனக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கலாம். மூன்று சோழியும் டிஎம் பக்கம் சேர்ந்துவிட்டால், அன்று இரவு தூக்கத்தில் கடல் உன்னை அழைக்கும். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருக்கும்போது விழிப்பாய், ஒரு நிலை களைப்போடு. சோழிகள் கிண்ணத்துக்குத் திரும்பும்."

எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன், நீங்கள் மாற்றும்போது உதவும். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ரோலில், தோற்றபின் மறுபடி உருட்டுவது அரை வெற்றியைத் தருகிறது. உருட்டும் முன்பே கொடுக்கும் டிஸ்அட்வான்டேஜ் கால் வெற்றியைப் பறிக்கிறது. வெறும் எண்ணில் பார்த்தால் ஆட்டக்காரனுக்கு இரட்டிப்பு லாபம். ஆனால் பறிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அதுவும் ரோக்கின் அடியில் கொடுத்தால் ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்து போகும். அதில் சமனாகிவிடும். ஒரு சண்டைக்கு ஒரு சோழிக்கு மேல் நீங்கள் திருப்பக்கூடாது. சாகக்கிடக்கும்போது போடும் சேவில், அதாவது ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் ரோலில், தொடவே கூடாது.

சோழியை ஐந்தாக வைக்கத் தோன்றும், வேண்டாம். ஐந்து என்றால் அமைதியான கடலில் இறங்கி ஐந்து முறை மறுபடி உருட்டி இரண்டரை வெற்றியை எடுத்துக்கொண்டு, ஒரு நிலைக் களைப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவான். 2014 விதிகளில் முதல் நிலைக் களைப்பு என்பது திறன் சோதனைகளில் (அடியும் சேவும் அல்லாத முயற்சிகளுக்கான ரோல்களில்) டிஸ்அட்வான்டேஜ். விழித்தெழும்போது வருவதால் அடுத்த நீண்ட ஓய்வு வரை, ஒரு முழுப் பகல், கூடவே இருக்கும். அந்தப் பகலில் ஆறு சோதனை வந்தால் ஒன்றரை வெற்றி நஷ்டம். மூன்று சோழியின் லாபமும் ஒன்றரைதான். உங்கள் மேசையில் திறன் சோதனைகள் குறைவு, சண்டைதான் அதிகம் என்றால் இரண்டு சோழியாக்குங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு நிலைக் களைப்பு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாம் நிலையில் அடியும் சேவும் சேர்ந்து படுத்துவிடும், ஆறாவது நிலை சாவு. அந்தப் படிக்கட்டு நடுவில் செங்குத்தாக இறங்குகிறது.

ஒரு துண்டு ஆடிப் பார்ப்போம். ஆனி மாதம், கச்சான். குருசடைத் தீவுக்குத் தெற்கே வள்ளம் ஆடுகிறது. நங்கூரக் கயிறு நழுவுகிறது, அதைப் பிடிக்க அவனுக்கு 12 வேண்டும். விழுந்தது 6. கிண்ணத்தைப் பார்க்கிறான், உங்களைப் பார்க்கிறான், சங்கைக் கூப்பிடுகிறான். 15. கயிறு கையில், ஒரு சோழி உங்கள் கையில். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், சோழியை மேசையில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த சண்டையில் அவன் முதல் அடிக்கே செலவழித்துவிடாதீர்கள். தோழனை விழுங்க வரும் சுறாவை அவன் குத்த எழும்போதும் வேண்டாம், ஏனென்றால் அங்கே தோற்றால் செத்துப்போவது இன்னொருவன். அவன் தனக்காக, பேராசையில், இன்னொரு பிடி சங்கு அள்ள இறங்கும் இடம் வரும். அங்கே வையுங்கள்.

மூச்சைப் பாதியாக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். விதிப்படி மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிஷத்தோடு கான்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குதிறன்) போனஸ் அளவு நிமிஷங்கள். போனஸ் 2 என்றால் மூன்று நிமிஷம், ஆறு நொடிச் சுற்றாக முப்பது சுற்று. பாதியாக்கினாலும் பதினைந்து. நான்கைந்து சுற்றில் முடியும் சண்டையில் அது கடிக்கவே கடிக்காது. சங்கைத் திருப்பி வைக்கும் கடைசி முழுக்குக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கும்படி விடாதீர்கள். குளிகாரனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று சொல்வதுண்டு. அதை விதியாக்குங்கள்: ஒவ்வொரு முழுக்குக்கும் ஒருவர் கயிறு பிடிக்கவேண்டும். அந்த முழுக்கில் போகும் சோழி ஒன்றை அவர் தன் பெயரில் ஏற்கலாம். அதற்குரிய டிஸ்அட்வான்டேஜ் பிறகு அவருக்கு விழும். விரும்பி ஏற்கிற பாரத்துக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

இன்னும் இரண்டு லெவலில் ஒரு குழி காத்திருக்கிறது. ஐந்தாம் லெவலில் கிளெரிக்குக்கு ரிமூவ் கர்ஸ் என்ற சாபம் நீக்கும் மந்திரம் வந்துவிடும். ஒரு ஆக்ஷன், பகடை இல்லை, பொருட்செலவு இல்லை. நீங்கள் மாதக்கணக்கில் வளர்த்த சாபம் ஒரு தொடுகையில் போய்விடும். மந்திரம் பலிக்காது என்று அன்றைக்குச் சொன்னால் கிளெரிக் ஆடுபவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். இப்போதே சொல்லிவிடுங்கள்: மந்திரம் போட்டால் டிஎம் பக்கம் உள்ள சோழிகள் கிண்ணத்துக்குத் திரும்பும், கட்டு அவிழாது. கட்டு அவிழ, எடுத்த இடத்தில் சங்கை வைக்கவேண்டும், கச்சான் மாதத்தில், சங்கைக் கூப்பிடாமல். அவிழ்ந்தால் மறுபடி உருட்டும் வரமும் போய்விடும். இதை யார் வாயால் சொல்வது என்று தேட வேண்டாம்: முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லிக் கரையில் உட்கார்ந்திருந்த கடல்கட்டிகள் உண்டு. கடல்கட்டி இல்லாமல் குளிகாரர்கள் நீரில் இறங்க மறுத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அப்படி ஒரு கிழவர் உங்கள் கதைக்குள் உட்காரட்டும்.

குரல் கேட்டுப் புத்தி பேதலிப்பது வேண்டாம். விதிப்படி பார்த்தாலும் அது மட்டம்: "இப்போது உனக்குப் பித்து" என்று நீங்கள் சொன்னதும் கேரக்டரை ஆடும் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது, அவன் சும்மா உட்கார வேண்டியதுதான். அதைவிட, ஏர்வாடி உங்கள் மாவட்டத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் போனார்கள். நோயைச் சாபம் என்று நம்பி ஆட்களைக் கட்டிப்போட்ட கரையில், அதே நம்பிக்கையை விளையாட்டாகக்கூட மேசையில் வைக்க எனக்கு மனம் வராது. சங்கு பேசவேண்டும் என்றால் பேசட்டும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவனுக்கு மட்டும் முதல் நாளே சொல்லட்டும். அது நல்ல வரம், தரலாம்.

போனை நோண்டும் நண்பனிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தனியாகப் பேசிவிடுங்கள். எல்லா ரோலிலும் குறையும் 2 போய்விட்டது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு விதித்தாளைக் கொடுங்கள். சங்கை எடுக்கும் முன் அவனுக்கு நீங்கள் எந்த எச்சரிக்கையும் வைத்ததாகக் கடிதத்தில் இல்லை. அதற்கு ஈடாக முதல் மறு உருட்டுக்குச் சோழி வாங்காதீர்கள். மூன்று செஷன் ஓட்டிவிட்டு, கிண்ணம் எத்தனை முறை காலியானது, கரையை மாற்றி எத்தனை முறை போனான் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் காற்று விதியை மறுபடி பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா