கணினியைத் திருத்தக் கொடுக்குமுன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணினி மந்தமாகிவிட்டது. வின்டோஸ் 10 முடிந்துவிட்டது, போமட் பண்ணி 11 போட வேண்டும், பாஸ்வேர்டையும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் கடைக்காரர். பேரப்பிள்ளைகளின் படங்களும் வங்கி விபரங்களும் அதில் உள்ளன. கொடுக்கலாமா?"

இந்த நிலையில் கொடுக்க வேண்டாம். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டொன்றில் நீங்களே பிரதியெடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணினியிலேயே செருகி வைத்தால், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கொடுத்ததாகவே அர்த்தம். அவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். போமட் பண்ணினால் எல்லாம் அழிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். கடைகளில் வழக்கமாகச் செய்யும் விரைவு போமட், வன்தட்டிலுள்ள கோப்புகளின் அட்டவணையைத்தான் நீக்குகிறது. படங்களைப் பல வேளைகளில் பின்னர் மீட்டெடுக்க முடியும். ஆகவே புதிய தட்டுப் போட்டால் பழையதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. ஆனால் மைக்ரோசொஃப்ட் கணக்கின் மூலம் பதிவுசெய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அவசரப்படத் தேவையில்லை. நான் மிகவும் அஞ்சுவது திருட்டு வின்டோஸுக்குத்தான். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் "ஒறிஜினல் மாதிரியே வேலை செய்யும்" என்று சொல்லிப் போட்டுத் தருகிறார்கள். அதை இயக்கும் கள்ள மென்பொருளை ஏற்றுவதற்காக வின்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபென்டரை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு டிஃபென்டரை மீண்டும் இயக்கிவிடுவதேயில்லை. அதற்கு மேல் "ஃபுல் அன்டிவைரஸ்" என்று தனியாகவும் காசு வாங்குகிறார்கள்.

தட்டிலிருந்து படங்களை மீட்டெடுக்க முடியும் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் கணினியில் பிட்லொக்கர் என்ற, தட்டிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் வின்டோஸின் குறியாக்கம் இயங்கினால், தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திறவுகோல் இல்லாமல் எதையும் வாசிக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் பழுதுபார்த்த பின் கணினி 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் உங்கள் படங்கள் உங்களுக்கும் கிடைக்காது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் மடிக்கணினிகளில் இது நீங்கள் அறியாமலே இயங்கியிருக்கக்கூடும். திறவுகோல் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே பார்த்து, கொப்பியில் எழுதி வையுங்கள். எக்காரணம் கொண்டும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியும் அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவதைத் தள்ளிப்போட்டார்கள். அதுவரை மக்களின் படங்களை யார் காப்பது? ஆகவே தட்டு மாறிவிடாதபடி அதன் தொடர் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும் கடையையே தேடுங்கள். கணினி திரும்பி வந்ததும் வங்கிக் கடவுச்சொல்லை உங்கள் கைபேசியிலிருந்து மாற்றிவிடுங்கள்.