சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் 13 வயதில் எதற்கெடுத்தாலும் வாதாடுகிறான், தெருவில் தண்ணீர்க் குடம் தூக்க வெட்கப்படுகிறான். ஏன் இந்த மாற்றம்?

திமிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாதமும் வெட்கமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தன் எண்ணத்தையே தள்ளி நின்று பார்க்கும் திறன் உங்கள் மகனுக்கு இப்போதுதான் கூடி வருகிறது.

சென்னை தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் மீன்பிடித் தடைக்காலம் பற்றிப் பேச்சு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை, "அப்பா வீட்டில் இருப்பார், காசு இருக்காது" என்று கண்ணால் கண்டதைச் சொல்லும். பதின்மூன்று வயதுப் பிள்ளையோ, "வேறு மாதத்தில் தடை போட்டால் மீன் பெருகாதா? இதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்கும். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்து யோசிப்பது இது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, ஏறத்தாழ 11, 12 வயதில் இத்தகைய சிந்தனை தொடங்குகிறது என்றார். எல்லாருக்கும் ஒரே வயதில், எல்லா விஷயத்திலும் வந்துவிடுவதில்லை. ஆனால் வந்த பிறகு, "நான் சொல்கிறேன், செய்" என்பது பிள்ளைக்குப் போதுமான காரணமாக இருப்பதில்லை.

இதே திறன் தன் பக்கம் திரும்பும்போதுதான் வேதனை. உன்னைப் பற்றி எழுது என்றால் சிறு பிள்ளைகள், "எனக்கு சைக்கிள் இருக்கிறது, கேரம் நன்றாக ஆடுவேன்" என்று எழுதுவார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "தோழிகளிடம் வாயாடுகிறேன், வீட்டில் பேசுவதே இல்லை, இதில் எது நான்?" என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு அவள்மீது மிகுந்த மரியாதை வந்தது.

எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று இந்த வயதில் தோன்றுவதை, அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று விவரித்தார். நம் பகுதியில் அது முழுக்கக் கற்பனை அல்ல என்பேன். வாசலுக்கு எதிர்வாசல், ஒரே குழாயடி, தண்ணீர் லாரி வந்தால் தெருவே கூடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா உண்மையாகவே பார்க்கிறார், உண்மையாகவே கேலி செய்கிறார். தனியறை இல்லாத வீட்டில் பையனுக்கு ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. குடம் அவனுக்கு அவ்வளவு கனப்பது அதனால்தான்.

வேலையை விலக்க வேண்டாம். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தெருவில் வைத்துத் திட்டாதீர்கள், உறவினர் முன்னால் அவனைக் கேலிப்பொருளாக்காதீர்கள். எதிர்க்கேள்வி கேட்டால் காரணம் சொல்லுங்கள். அவன் சொல்வதில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். உணர்ச்சியை அடக்கித் திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் நன்றாக வாதாடத் தெரிந்த பையனே அடுத்த நொடி கதவை அறைந்து சாத்துவான். இரண்டும் அவன்தான்.

வெட்கம் வேறு, ஒடுங்கிப்போவது வேறு. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களையும் பள்ளியையும் தவிர்த்தால் காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.